ஏதென்ஸ் ஆந்தைக் காசு: அசலா போலியா என்று பார்ப்பது எப்படி

என் முதல் கிரேக்கக் காசு கிரேக்கக் காசே அல்ல. ஒரு நாணயக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்த ஆந்தை பார்த்த பார்வையிலேயே விழுந்துவிட்டேன். தடித்த வெள்ளி, ஒரு பக்கம் ஏதென்ஸின் தெய்வமான ஆத்தேனாவின் முகம், மறுபக்கம் உருண்டைக் கண்ணோடு ஆந்தை. விற்றவர் "தாத்தா காலத்துச் சேகரிப்பு சார்" என்றார். பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் தெருமுனை நகைக்கடைத் தராசில் வைத்தேன். 15.30 கிராம். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மேசையை விட்டு நகரும் முன்பே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பழைய கிரேக்க உலகில் நூற்றுக்கணக்கான நகரங்கள் தத்தம் காசை அடித்தன. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. ஆகவே அதிகம் பேர் வாங்க ஆசைப்படுவதும் அதிகம் போலி வருவதுமான ஒரே காசை வைத்துச் சொல்கிறேன்: கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் அடித்த நான்கு டிராக்மா வெள்ளி. இதில் கண் பழகிவிட்டால் மற்ற காசுகளுக்கும் அதே வழிதான்.

முதலில், துலக்காதீர்கள்

வீட்டில் வெள்ளிச் சாமான் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போம். பித்தளைக்குப் புளி. அந்தக் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் பழங்காசின் மேல் படிந்த கறுப்பும் சாம்பல் நிறமும்தான் அதன் வயதைச் சொல்லும் முதல் சாட்சி. அதைத் தேய்த்து எடுத்தால் விலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆராய வேண்டிய ஆதாரமே போய்விடும்.

இன்னொரு பழக்கம் சுண்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலித்தால் நல்ல வெள்ளி என்பது நம் ஊரில் காலங்காலமாக உள்ள நம்பிக்கை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாக இறுகி, ரஸ்க் மாதிரி பொறுபொறுப்பாகியிருக்கலாம். அப்படிப்பட்ட அசல் காசு மந்தமாகத்தான் ஒலிக்கும். கல்தரையில் விழுந்தால் இரண்டாக உடையவும் உடையும். ஆசாரியிடம் கொண்டுபோனால் அவர் உரைகல்லை எடுப்பார், அதற்கும் விடாதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும்.

தேவையான கருவிகள் கொஞ்சம்தான். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், விட்டம் அளக்க ஒரு காலிப்பர், பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் அடிக்க ஒரு மேசை விளக்கு. மொத்தச் செலவு ஒரு போலிக் காசின் விலையைவிடக் குறைவு.

எடை

கிரேக்கக் காசில் மதிப்பு எழுதியிருக்காது. எடைதான் மதிப்பு. ஒவ்வொரு நகரமும் ஒரு எடைமுறையைப் பின்பற்றியது. ஏதென்ஸின் அட்டிக் முறையில் ஒரு டிராக்மா சுமார் 4.3 கிராம், அதன் ஆறில் ஒரு பங்கு ஓபோல். டிராக்மா என்ற சொல்லுக்கே 'ஒரு கைப்பிடி' என்றுதான் பொருள் சொல்வார்கள். காசு வருமுன் இரும்புக் கம்பிகளைப் பணமாகக் கொடுத்து வாங்கிய காலத்தில், ஒரு கைப்பிடிக்கு ஆறு கம்பி.

ஆகவே நான்கு டிராக்மா என்றால் 17.2 கிராம். நல்ல நிலையில் உள்ள ஆந்தைகள் 17.0க்கும் 17.2க்கும் நடுவில் நிற்கும். நன்றாகத் தேய்ந்ததோ அரித்துப்போனதோ 16.5 வரை இறங்கலாம். என்னுடையது 15.30, அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தேய்மானமே தெரியாத ஒரு காசில் அவ்வளவு வெள்ளி எங்கே போகும்? வார்ப்பில் செய்த போலியில் இரண்டு காரணங்களால் எடை குறையும். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும், பயன்படுத்திய கலவையும் பெரும்பாலும் வெள்ளியைவிட லேசானது.

விட்டம் 24 மில்லிமீட்டர் சுமார், தடிமன் நிறைய. நம் ஐந்து ரூபாய் போலத் தட்டையாக இராது, கையில் ஒரு சின்னக் கூழாங்கல்லை வைத்த மாதிரி இருக்கும். மெல்லிய, தட்டையான 'பழைய ஆந்தை' ஒன்றை யாராவது நீட்டினால் எடை பார்க்கும் முன்பே சந்தேகப்படலாம்.

இதே எடைதான் அடையாளம் காணவும் கைகொடுக்கும். வெள்ளிக் காசு 12.2 கிராம் வந்தால் ஏஜினா தீவின் முறையை நினைக்கலாம், 8.6 கிராம் என்றால் கொரிந்து நகரத்து முறை. எழுத்தே தெரியாத அளவுக்குத் தேய்ந்த காசுக்கு இந்த ஒரு எண் பாதி வழி காட்டிவிடும்.

படமும் எழுத்தும்

முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதில் புதியவர்கள் குழம்புவார்கள். அடித்த முறையைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். ஒரு அச்சைப் பட்டடைக் கல்லில் பதித்து வைப்பார்கள். அதன்மேல் சூடான வெள்ளி வில்லை. அதற்கு மேல் இன்னொரு அச்சைக் கையால் பிடித்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. கீழே இருந்த அச்சின் படம் முன்பக்கம், அது சற்றுப் புடைத்திருக்கும். மேலே இருந்தது பின்பக்கம், அது குழிந்திருக்கும். ஆந்தைக் காசில் மேல் அச்சு சதுர முனை கொண்டது, ஆகவே ஆந்தை ஒரு பள்ளமான சதுரத்துக்குள் நிற்கும். நாலு விளிம்பும் தெரிய வேண்டும் என்றில்லை, ஒன்றிரண்டு தெரிந்தால் போதும்.

முன்பக்கத்தில் ஆத்தேனா வலப்பக்கம் பார்க்கிறாள். தலைக்கவசத்தின் முன்விளிம்புக்கு மேல் மூன்று ஆலிவ் இலைகள், பின்னால் சுருண்டோடும் கொடி. முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும், பாதாம் பருப்பு வடிவத்தில். நம் ஊர் பழைய ஓவியங்களில் பக்கவாட்டு முகத்தில் முழுக் கண் வரைவார்களே, அது மாதிரி. பின்பக்கத்தில் ஆந்தையின் உடல் வலப்பக்கம் திரும்பியிருக்கும், முகம் நேராக இருக்கும். இடது மேல் மூலையில் ஆலிவ் கொத்தும் ஒரு சின்னப் பிறையும். வலப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று கிரேக்க எழுத்துகள்: ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான். தீட்டா வட்டத்துக்குள் புள்ளி வைத்த மாதிரி இருக்கும். 'ஏதென்ஸ் மக்களுடையது' என்பதன் சுருக்கம் இது. தமிழ்க் காதுக்கு 'அதே' என்று கேட்கும், மறக்கவே மறக்காது.

'உடையது' என்ற இந்த வேற்றுமை கிரேக்கக் காசுகளில் பொது வழக்கம். அலெக்சாண்டர் காசில் 'அலெக்சாந்த்ரூ' என்று இருக்கும், 'அலெக்சாண்டருடையது' என்று பொருள். கிரேக்கப் பெரிய எழுத்துகள் இருபத்து நான்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். அதைச் செய்யாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான யோசனை.

வேறு காசு கையில் வந்தால் படத்தை வைத்தே நகரத்தை ஓரளவு பிடிக்கலாம். ஆமை என்றால் ஏஜினா, சிறகுள்ள குதிரை என்றால் கொரிந்து அல்லது அதன் குடியேற்றங்கள், தேனீ என்றால் எபேசஸ். ரோட்ஸ் தீவின் ரோஜா ஒரு சிலேடை, ஊர்ப் பெயரும் பூவின் பெயரும் கிரேக்கத்தில் ஒரே ஒலி. சிங்கத்தோல் போர்த்த தலையும் சிம்மாசனத்தில் ஜீயஸும் இருந்தால் அலெக்சாண்டர் வகை. ஆனால் அவர் கி.மு. 323இல் இறந்த பிறகும் பல நகரங்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அதே வகையை அடித்தன, ஆகவே 'அலெக்சாண்டர் கையால் கொடுத்த காசு' என்று யாராவது உருகினால் சிரித்துவிட்டு நகருங்கள். நம் நாட்டுக் கண்காட்சிகளில் உண்மையாகவே அதிகம் தென்படுவது இந்தியாவின் வடமேற்கை ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னர்களின் காசுகள். ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் அந்தப் பகுதியின் பழைய எழுத்தான கரோஷ்டி. அப்பல்லோடோட்டஸ் என்ற மன்னர் அடித்த யானை, காளை போட்ட சதுர வெள்ளி அவற்றில் ஒன்று. இவற்றிலும் போலி உண்டு, கீழே சொல்லும் சோதனைகள் அப்படியே பொருந்தும்.

எந்தக் காலத்து ஆந்தை

போலி செய்பவன் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான், ஒரு காலத்து முகத்தோடு இன்னொரு காலத்து ஆந்தையைச் சேர்த்துவிடுவான்.

ஆரம்பகால ஆந்தைகளில் ஆத்தேனாவின் கவசத்தில் இலை இல்லை, பிறையும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீகப் போர்களை ஒட்டிய காலத்தில் இரண்டும் சேர்ந்தன. அந்தக் கட்டத்தில் ஆந்தையின் வால் மூன்று சிறு இறகு முனைகளாகப் பிரியும். கி.மு. 454 வாக்கிலிருந்து 404 வரை அடித்த பெருந்தொகைக் காசுகளில் வால் ஒற்றை முனையாகிவிட்டது. இன்று சந்தையில் புழங்குவது பெரும்பாலும் இவைதான். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியோன் சுரங்கங்களின் வெள்ளியில் அடித்தவை. கி.மு. 483இல் அங்கே கிடைத்த புது வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கு போடாமல் கப்பல் கட்டச் சொன்னவர் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டாக்கிளிஸ், மூன்று ஆண்டு கழித்து பாரசீகரோடு நடந்த சலாமிஸ் கடற்போரில் அந்தக் கப்பல்கள் ஊரைக் காப்பாற்றின.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆத்தேனாவின் கண் மாறியது, முகத்தைப் போலவே அதுவும் பக்கவாட்டில் பார்க்க ஆரம்பித்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் பழைய காசுகளையே மடித்துத் தட்டி வில்லையாக்கி மறுபடி அடித்தார்கள். அவை கோணல்மாணலாக, நீள்வட்டமாக, சில சமயம் மடிப்பு தெரியும்படி இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்குவதும், அழகான வட்டப் போலியை அசல் என்று வாங்குவதும் வழக்கம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வந்த புதுப் பாணி ஆந்தை வேறு ஆள்: அகலமான மெல்லிய வில்லை, சாடிமேல் நிற்கும் ஆந்தை, சுற்றிலும் ஆலிவ் மாலை, அதிகாரிகளின் பெயர்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஏதென்ஸ் காசு அக்காலத்து டாலர் மாதிரி எங்கும் செல்லுபடியானதால் எகிப்து, பாலஸ்தீனக் கடற்கரை, தென் அரேபியா எல்லாம் தாங்களே ஆந்தை அடித்தன. வெள்ளி நல்லது, எடை சரி, முகம் மட்டும் கொஞ்சம் விநோதமாக இருக்கும். இவை நவீனப் போலி அல்ல, பழங்காலச் சாயல் காசுகள். அவற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. பாணி விலகியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறிய வேண்டாம்.

சுத்தியலின் தடம்

இனி உண்மையான வேலை. 'இது பழசா?' என்று காசைக் கேட்டால் பதில் வராது. பழசு போலக் காட்டுவது சுலபம். ஜெர்மனியில் 1772இல் பிறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் தானே அச்சு வெட்டி கிரேக்க, ரோமக் காசுகளை அடித்தார். புதுப் பளபளப்பு போக அவற்றை இரும்புத் தூளோடும் எண்ணெய்ப் பசையோடும் ஒரு பெட்டியில் போட்டு, தன் வண்டியின் அடியில் கட்டிக் குலுக்கிக்கொண்டே ஊர் சுற்றுவாராம். இன்று ரசாயனம் போதும், வண்டி வேண்டாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இது சுத்தியல் அடி வாங்கிய வெள்ளியா, அச்சுக்குழியில் ஊற்றி ஆறிய உலோகமா?

விளிம்பில் ஆரம்பியுங்கள். காசைச் செங்குத்தாகப் பிடித்து, லூப்பில் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பாதியை ஒட்டிய மாதிரி நடுவில் ஒரு கோடு ஓடினால் அது வார்ப்பின் மடிப்பு. கெட்டிக்காரர்கள் அதை அரத்தால் ராவிவிடுவார்கள், அப்போது ராவிய இணைகோடுகள் தெரியும். என்னுடையதில் இரண்டுமே இருந்தன, பாதிக் கோடும் பாதி அரத் தடமும். வாங்கும்போது விளிம்பைப் பார்க்கவே தோன்றவில்லை. ஆந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்த காசில் ஓரம் ஆங்காங்கே பிளந்திருப்பது இயல்பு. ஓங்கி அடிக்கும்போது வெள்ளி நாலா பக்கமும் ஓட, ஓரம் தாங்காமல் வெடிக்கும். அசல் வெடிப்பின் உள்சுவர் கிழிந்த மாதிரி கரடுமுரடாக இருக்கும், உள்ளே போகப்போகக் குறுகும். வார்ப்பில் அந்த வெடிப்பும் சேர்ந்தே நகலாகும். ஆனால் அதன் அடி மழுங்கி, பள்ளத்தில் பசை ஊற்றிய மாதிரி இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவது பத்துப் புத்தகம் படிப்பதற்குச் சமம்.

அடுத்து படமும் வெற்றிடமும் சந்திக்கும் இடம். எழுத்தின் பக்கச்சுவர் தரையில் இருந்து வெடுக்கென்று எழ வேண்டும். அடித்த காசில் அப்படித்தான் இருக்கும். வார்ப்பில் சுவரும் தரையும் சேரும் மூலை உருண்டுவிடும், சோப்பில் செதுக்கி நாலு நாள் குளித்த மாதிரி. பக்கவாட்டு வெளிச்சத்தில் விளிம்பை நோக்கிப் பரவும் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அவை உலோகம் ஓடிய தடங்கள். எழுத்துகளின் பக்கத்திலும் ஓரத்திலும் நன்றாகத் தெரியும், அச்சு பழையதாக ஆக இன்னும் நன்றாகத் தெரியும்.

பள்ளங்களையும் தேடுங்கள். வார்ப்பில் காற்றுக்குமிழி விட்ட குழி உருண்டையாக, ஊசிமுனையால் குத்திய மாதிரி இருக்கும். குமிழி அச்சுக்குழியின் சுவரில் இருந்திருந்தால் காசின்மேல் சின்ன முத்து மாதிரி புடைப்பு வரும். எழுத்துகளின் இடுக்கிலும் ஆந்தையின் கால்களுக்கு நடுவிலும் இவை ஒளிந்துகொள்ளும், ராவ முடியாத இடங்கள் அவை. மண் அரித்த குழிக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம், ஆகவே ஒரே ஒரு குழியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

தேய்மானத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கைமாறிய காசில் முதலில் தேய்வது உயர்ந்த இடங்கள்: ஆத்தேனாவின் கன்னம், புருவம், கவசத்தின் இலை, ஆந்தையின் தலையும் மார்பும். பள்ளத்தில் உள்ள விவரம் கூர்மையாகவே மிஞ்சும். மேடும் பள்ளமும் ஒரே அளவு மழுங்கியிருந்தால், தேய்ந்த ஓர் அசலை வார்த்து எடுத்திருக்கிறார்கள் அல்லது அமிலத்தில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, முழுமை. பழைய அச்சு வில்லையைவிடப் பெரிதாக இருந்ததால் ஆத்தேனாவின் கவசக் கொண்டை பெரும்பாலான காசுகளில் வெளியே விழுந்துவிடும். கொண்டை முழுதும், ஆந்தையைச் சுற்றி எல்லாமும் நடுவாக விழுந்த காசு அபூர்வம், விலையும் அப்படியே. அதுவே ஐயாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தால் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் வார்ப்புப் போலிக்கு. நவீன அச்சு வெட்டி, நல்ல வெள்ளியில் அடித்த போலிக்கு இந்தச் சோதனைகள் பாதிதான் உதவும். அவை சுத்தியலுக்குப் பதில் அழுத்த இயந்திரத்தில் அடித்தவை. பரப்பு கண்ணாடி மாதிரித் தட்டையாக, இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில், விளிம்பு சீராக இருக்கும். முகத்திலும் ஏதோ ஒன்று உறுத்தும்: உதடு அதிகமாகச் சிரிக்கும், கண்ணிமை ரொம்ப அழகாக வளையும். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, நூறு அசல் படங்களைப் பார்த்த பிறகு தானாகவே வரும். நான் தினமும் இரவில் பத்து ஆந்தைகள் வீதம் மூன்று மாதம் பார்த்தேன். வீட்டில் எல்லோருக்கும் கவலை.

தண்ணீரில் ஒரு கணக்கு

வீட்டிலேயே செய்யக்கூடிய, காசுக்குத் தீங்கில்லாத சோதனை இது. காற்றில் எடை பாருங்கள், 17.15 என்று வைத்துக்கொள்வோம். தராசில் ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி, அடியும் சுவரும் தொடாமல் கையில் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண் காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. 1.65 வந்தால் 17.15ஐ அதால் வகுங்கள்: 10.39. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49. லாரியோன் வெள்ளி மிகச் சுத்தமானது, ஆகவே 10.2க்கு மேல் வந்தால் நிம்மதி. செம்பு 8.96, ஈயம் 11.34.

காசின்மேல் ஒட்டும் காற்றுக்குமிழி கணக்கைக் கெடுக்கும், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் சரியாகும். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். அரை கிராம், முக்கால் கிராம் எடையுள்ள சின்ன ஓபோலுக்கு இதைச் செய்யாதீர்கள், தராசின் பிழையே பதிலை விழுங்கிவிடும்.

என் ஆந்தைக்கு 8.6 வந்தது. பித்தளை, மேலே வெள்ளிப் பூச்சு.

ஏதென்ஸ்காரர்களே செய்த சோதனை

அடர்த்தி குறைந்தால் உடனே நவீனப் போலி என்று முடிவு கட்ட முடியாது. செம்பு உள்ளீட்டின்மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த காசுகள் அந்தக் காலத்திலேயே இருந்தன. கள்ளக்காசு அடிப்பவர்கள் செய்தார்கள், ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலொப்பொனேசியப் போரின் கடைசியில் வெள்ளி தீர்ந்தபோது கி.மு. 406 வாக்கில் ஏதென்ஸ் அரசே செய்தது. ஓரத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளி உரிந்து, உள்ளே பச்சைக் களிம்பு எட்டிப் பார்த்தால் இந்த வகை. இவையும் பழமையானவையே, விலை மட்டும் குறைவு.

இந்தத் தொல்லையை ஊரே எப்படிச் சமாளித்தது என்பதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் 1970இல் கிடைத்தது, கி.மு. 375 வாக்கில் நிக்கோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம். சந்தையில் பணமாற்று மேசைகளுக்கு நடுவே ஓர் அரசுப் பரிசோதகர் உட்கார வேண்டும், அவர் ஓர் அடிமை. உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அந்த இடத்திலேயே காசைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும், அது தெய்வங்களின் தாய்க்கு உரியதாகிவிடும். வெளிநாட்டில் அடித்த ஆந்தை நல்ல வெள்ளியாக இருந்தால் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பரிசோதகர் வேலையில் தவறினால் ஐம்பது கசையடி. இன்றைய ஏல நிறுவனங்கள் சிலவற்றை நினைத்தால் எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் ஒரு பிரியம் வருகிறது.

ஆகவே காசின்மேல் உளியால் போட்ட ஆழமான வெட்டு இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். கிழக்கே எகிப்து, சிரியாப் பக்கம் போன ஆந்தைகளில் இந்தச் சோதனை வெட்டு சர்வ சாதாரணம். அழகு குறையும், விலையும் குறையும், ஆனால் புதியவருக்கு அது வரம். வெட்டின் உள்பரப்பை லூப்பில் பார்த்தால் உள்ளே வரை வெள்ளிதானா, வெட்டுக்குள்ளும் மேலே உள்ள அதே கறுப்பு படிந்திருக்கிறதா என்று தெரியும். வெட்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் யாரோ நேற்றுப் போட்டது.

கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு ஓர் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். இயற்கையாகப் படிந்த கறுப்பு கரையாது. பஞ்சில் சாயம் ஒட்டினால் பெயிண்ட்.

இரட்டைப் பிள்ளைகள்

இதுவரை தேறிவிட்டால் கணினி முன்னால் உட்காருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் காசுகள் இணையத்தில் படத்தோடு கிடைக்கின்றன. பழைய ஏலங்களைத் தேட ஏசிசர்ச் என்ற தளம் இருக்கிறது. அலெக்சாண்டர் வகைக்கு அமெரிக்க நாணயவியல் கழகத்தின் பெல்லா தளத்தைவிட நல்லது இல்லை. போலிகளை மட்டும் படத்தோடு தொகுத்து வைத்திருக்கும் தளங்களும் உண்டு, அவற்றை முதலில் பாருங்கள்.

ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகள் இருக்கலாம், அது நல்ல செய்திகூட. ஆனால் வில்லையின் வடிவம், ஓர வெடிப்பு, படம் விலகிய அளவு எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்கவே முடியாது. ஒவ்வொரு அடியும் தனி அடி. உங்கள் காசில் உள்ள அதே வெடிப்பு, அதே இடத்தில், வேறொருவர் காசிலும் இருந்தால் இரண்டும் ஒரே தாயின் வார்ப்புப் பிள்ளைகள். என் ஆந்தையின் உடன்பிறப்பு மூன்றை ஒரே மாலையில் கண்டுபிடித்தேன். ஒன்றின் கீழே 'அபூர்வம்' என்று போட்டிருந்தது.

காகிதமும் சட்டமும்

காசு அசலாக இருந்து அதன் கதை போலியாக இருப்பதும் உண்டு. 2020இல் லண்டனில் 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன, சீசரைக் கொன்ற ரோமானியர் புரூட்டஸின் தங்கக் காசு அசல்தான். அது எங்கிருந்து வந்தது என்று காட்டிய பின்னணிதான் பொய். 2023இல் நியூயார்க் அதிகாரிகள் அதைக் கிரேக்கத்திடம் ஒப்படைத்தார்கள். ஆகவே பழைய ஏலப் பட்டியலில் படம் வந்திருக்கிறதா, பழைய உறை, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். படத்தோடு வந்த பழைய பட்டியல்தான் நம்பத்தக்கது, 'தாத்தா காலத்துச் சேகரிப்பு' எந்தக் கணக்கிலும் சேராது.

நம் பக்கத்தில் சொல்லும் இன்னொரு கதை 'கரூர் ஆற்றில் கிடைத்தது'. அமராவதிப் படுகையில் கிரேக்க உலகக் காசுகள் கிடைத்தது உண்மை, நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார். யவனர் வந்த துறைமுகங்களும் வழிகளும் இருந்த நாடு இது. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் பித்தளை ஆந்தையையும் தலையில் கட்டுகிறார்கள். நிலத்தில் உண்மையாகவே ஏதாவது கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசும் தொல்பொருள், தனியாள் அதை இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கிரேக்கத்துக்குச் சுற்றுலா போனால் அங்கேயும் சந்தையில் யாராவது கைக்குட்டையில் மடித்துக் காட்டுவதை வாங்காதீர்கள். அசலானால் விமான நிலையத்தில் சிக்கல், போலியானால் பணம் போச்சு. ஆந்தை வேண்டும் என்றால் அந்நாட்டு ஒரு யூரோ நாணயத்தைக் கொண்டுவாருங்கள், இதே ஆந்தைதான் அதில் இருக்கிறது.

யாரிடம் காட்டுவது

விற்றவரிடம் கேட்காதீர்கள், நகைக்கடையிலும் கேட்காதீர்கள். அவர்களுக்கு வெள்ளி தெரியும், ஏதென்ஸ் தெரியாது. எக்ஸ்ரே கருவியில் வைத்து '98 சதவீதம் வெள்ளி' என்று சீட்டு தருவார்கள். அது மேற்பரப்பின் கணக்கு மட்டும், நல்ல வெள்ளியில் அடித்த போலிக்கும் அதே சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டில் தங்கம், ஈயம் சிறு அளவில் காட்டினால் நல்ல அறிகுறி. பழைய முறையில் புடம்போட்ட வெள்ளியில் அவை மிஞ்சும், இன்றைய ஆலை வெள்ளியில் மிஞ்சாது.

கிரேக்கக் காசையே தொழிலாகக் கொண்ட, எப்போது போலி என்று தெரிந்தாலும் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று எழுதித் தரும் வணிகரிடம் வாங்குங்கள். சாதாரண நிலையில் உள்ள அசல் ஆந்தையே சில நூறு டாலருக்குக் குறையாது. அந்த விலைக்கு வாங்க மனம் வராவிட்டால் முதலில் ஒரு சின்ன அலெக்சாண்டர் டிராக்மாவோ தேய்ந்த செம்புக் காசோ வாங்கிக் கையில் வைத்துப் பழகலாம். போலி செய்பவர்களுக்கு அவற்றில் லாபம் குறைவு.

எது வாங்கினாலும் உறையின்மேல் எழுதி வையுங்கள்: எடை, விட்டம், அடர்த்தி, இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும் கோணம் கடிகார முள் கணக்கில், வாங்கிய நாள், கொடுத்த விலை. என் முதல் ஆந்தையின் உறையிலும் எல்லாம் இருக்கிறது. 15.30 கிராம், 8.6, விளிம்பில் கோடு. விலை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள்.